கடைசியா எப்போ துடுப்பு பிடிச்சீங்க? - 50 வயதுக்கு மேல் மறுபடியும் படகில் ஏறுவது எப்படி?

உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுத்துப் பாருங்களேன். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு... ஏதாவது ஓர் ஏரியில் எடுத்த படகு போட்டோ ஒன்றாவது இருக்கும். துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாதி பயமும் பாதி பெருமையுமாகச் சிரிக்கும் அந்தப் பொண்ணோ பையனோ நீங்கள்தான். அடுத்த பக்கம், கல்யாணமான புதுசில் எடுத்தது. பெடல் போட்டில் ஜோடியாக. இன்னும் நாலு பக்கம் தள்ளினால், படகில் குழந்தைகள் மட்டும் இருப்பார்கள். கரையில் நின்று போட்டோ எடுத்தது நீங்கள்தானே!

அதற்கப்புறம் அதுவும் கிடையாது. குடும்பமே படகில் போயிருக்கும். ஹேண்ட்பேக், செருப்பு, சிப்ஸ் பாக்கெட், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் கரையோர பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். 'நீங்களும் வாங்க' என்று யாராவது கூப்பிட்டால், 'நான் எத்தனை தடவை போயிருக்கேன், நீங்க போயிட்டு வாங்க' என்று சொல்லியிருப்பீர்கள்.

நானும் அந்த பெஞ்சில் ஆறேழு வருஷம் உட்கார்ந்தவள்தான். கேட்டால், 'முன்ன மாதிரி ஆர்வம் இல்லை' என்பேன். அது பாதி பொய் என்று எனக்குப் புரியவைத்தவர் என் சித்தப்பா. அவர் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

ஆர்வம் எங்கே போகுது?

மனசு எதற்கும் பழகிவிடும். புதுப் புடவை, புது வீடு, புது கார்... கொஞ்ச நாள்தான் அந்தச் சந்தோஷம். அப்புறம் பழைய நிலைக்கே வந்துவிடுவோம். பிரிக்மன், கேம்ப்பெல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1971-லேயே இதை டிரெட்மில்லுக்கு ஒப்பிட்டார்கள். எவ்வளவு ஓடினாலும் அதே இடத்தில்தான் நிற்போம். பத்தாவது தடவை பார்க்கும் ஏரி, முதல் தடவை பார்த்த ஏரி மாதிரி இருக்காது என்பது உண்மைதான்.

ஆனால், படகு விஷயத்தில் இது மட்டும் காரணமில்லை என்பது என் அனுபவம். நாம் செய்யும் காரியமே நடுவில் மாறிப்போச்சு. சின்ன வயசில் துடுப்பு நம் கையில் இருந்தது. படகு சுற்றியது, கரையில் முட்டியது, பக்கத்துப் படகுக்காரர் திட்டினார், கடைசியில் எப்படியோ நேராகப் போனது. அந்த 'எப்படியோ'வில்தான் மொத்த சந்தோஷமும் இருந்தது. அப்புறம் நேரம் குறைந்தது, வசதி கூடியது. 'எல்லாரும் ஒண்ணா போயிடலாம், மோட்டார் போட் எடுத்துடுங்க' என்றோம். ஏறினோம், ஒரு ரவுண்டு, இறங்கினோம். அதில் நமக்கு ஒரு வேலையும் இல்லை. வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, சாமான் மாதிரி ஏற்றி இறக்கப்படுவதில் யாருக்குத்தான் ஆர்வம் இருக்கும், சொல்லுங்கள்?

நடுவில் அம்மா, அப்பா வேலை வேறு. 'எந்திரிக்காதே, கையை வெளியே விடாதே, தம்பியைப் புடிச்சுக்கோ' என்று கத்தியதில் தண்ணீரைப் பார்த்த ஞாபகமே இல்லை.

பயமும் உண்டு. அதைக் கிண்டல் செய்ய நான் தயாரில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். யாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. 2023 மே மாதம் கேரளாவின் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட 22 பேர் போனார்கள். இதையெல்லாம் டி.வி-யில் பார்த்த பிறகு, 'வேண்டாம்ப்பா' என்று மனசு சொல்வது கோழைத்தனம் இல்லை. ஆனால், இரண்டுமே அடுக்கு வைத்த பெரிய படகுகள் என்பதைக் கவனியுங்கள். கூட்டம், ஒரு பக்கமாகச் சாயும் எடை, ஜாக்கெட் இல்லாதது என்று ஆபத்தான விஷயங்கள் சேர்ந்துகொண்டன. இரண்டு பேர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கரையோரமாகப் போகும் துடுப்புப் படகில் இவற்றையெல்லாம் தவிர்ப்பது உங்கள் கையிலேயே இருக்கிறது.

எதிர் சீட்

சித்தப்பா திண்டுக்கல்காரர். வங்கியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மலைக்குக் கீழேயே வீடு என்பதால், சித்தியும் அவரும் வருஷத்துக்கு மூன்று, நாலு தடவையாவது கொடைக்கானல் போய்விடுவார்கள். போனால் ரோ போட்தான். சித்தப்பா துடுப்பு போடுவார், சித்தி எதிரில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுப்பார்.

சித்தி இறந்த பிறகு அவர் கொடைக்கானல் போவதை நிறுத்தவில்லை. ஏரியைச் சுற்றி இருக்கும் அந்த அஞ்சு கிலோமீட்டர் சாலையை முழுசாக நடப்பார். படகுத்துறை வந்தால் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு தாண்டிவிடுவார். நாலு வருஷம் இப்படி. கேட்டால் மூட்டு வலி என்பார். அஞ்சு கிலோமீட்டர் நடக்கிற மூட்டு!

போன வருஷம் ஒருநாள் நடந்துகொண்டே சொன்னார். 'உனக்குத் தெரியாதும்மா... துடுப்பு போடுறவன் போற பக்கத்தைப் பார்க்க முடியாது. எதிர்ல உட்கார்ந்திருக்குற ஆளைத்தான் பார்த்துக்கிட்டே இருக்கணும்.'

நான் யோசித்ததே இல்லை. ரோ போட்டின் அமைப்பே அதுதான். துடுப்பு போடுகிறவர் படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். அப்போதுதான் காலை ஊன்றி, முதுகைச் சாய்த்து முழு பலத்தோடு இழுக்க முடியும். அவருடைய கண்ணுக்கு நேராக இருப்பது பின்சீட்டில் இருப்பவரின் முகம். அரை மணி நேரமும் அந்த முகம்தான். அந்த சீட் காலியாக இருக்கும் படகில் போய் உட்காருவதைத்தான் அவர் நாலு வருஷமாகத் தவிர்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் மூட்டு வலி. நான் வைத்திருந்த பெயர் ஆர்வமின்மை.

அதனால்தான் சொல்கிறேன், ஆர்வம் போச்சு என்று முடிவு கட்டும் முன், அதன் மேல் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். சலிப்பா, பயமா, உடம்பா, எல்லார் முன்னாலும் தடுமாறிவிடுவோமோ என்ற கூச்சமா, இல்லை ஒரு காலி சீட்டா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பயத்துக்கு லைஃப் ஜாக்கெட் போதும். காலி சீட்டுக்கு அது போதாது.

இந்த இடத்தில் பிரிட்டனின் ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் ஞாபகத்துக்கு வருகிறார். எங்கும் நிற்காமல் தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர்தான், 1969-ல். மனைவி 2003-ல் இறந்துபோனார். 2006-ல், 67 வயதில், மறுபடியும் தனியாக உலகைச் சுற்றும் போட்டியில் இறங்கினார். போட்டியிலேயே மூத்தவர் அவர்தான். நாலாவதாக வந்தார். நமக்கு உலகமெல்லாம் வேண்டாம், ஏரியில் ஒரு ரவுண்டு போதும்.

உடம்பு என்ன சொல்லுது?

முதலில் நல்ல செய்தி. துடுப்பு போடும்போது உடல் எடையை சீட் தாங்கிக்கொள்கிறது. நடக்கும்போதும் படி ஏறும்போதும் மூட்டில் விழும் அழுத்தம் இதில் இல்லை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்குப் பெடல் போட்டைவிட ரோ போட் சௌகரியமாக இருக்கும். பெடல் போட்டில் சீட் தாழ்வாக, முட்டி மேலே தூக்கியபடி மிதிக்க வேண்டியிருக்கும்; பத்தே நிமிஷத்தில் முட்டி பேச ஆரம்பித்துவிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 30 வயதுக்கு மேல், பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவிகிதம் வரை தசை குறைகிறது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு இன்னும் வேகமாக. 25 வயதில் இழுத்த இழுப்பை மனசு ஞாபகம் வைத்திருக்கும், தோள்பட்டை வைத்திருக்காது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் 'ஃப்ரோஸன் ஷோல்டர்' அதிகம் வரும். கையைத் தலைக்கு மேலே தூக்கவே வலிக்கிறது என்றால், துடுப்பைத் தொடும் முன் டாக்டரைப் பாருங்கள். இதயப் பிரச்னைக்கு மருந்து எடுப்பவர்களும் அப்படியே.

எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. பலம் கொடுத்து இழுக்கும்போது மூச்சை அடக்குவது. அப்படிச் செய்தால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும். இழுக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், துடுப்பைத் தூக்கிப் பழைய இடத்துக்குக் கொண்டு போகும்போது உள்ளே இழுங்கள். இது பழகிவிட்டால் பாதி களைப்பு குறையும்.

ஏறுவதுதான் கஷ்டம்

நம் வயசுக்காரர்கள் தண்ணீருக்கு நடுவே விழுவது அபூர்வம். ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுவோம். காரணம் எளிது. நாம் நிமிர்ந்து நின்றால் உடம்பின் எடை உயரத்தில் இருக்கிறது. படகு லேசாக அசைந்தாலும் ஆட்டம் பெரிதாகிவிடும். உட்கார்ந்துவிட்டால் அதே படகு சாது.

அதனால் காலை படகின் ஓரத்தில் வைக்காதீர்கள். நட்ட நடுவில் வையுங்கள். முட்டியை மடித்துக் குனிந்தபடியே ஏறி, உடனே உட்காருங்கள். புடவை கட்டியிருந்தால் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். சுடிதார் இன்னும் நல்லது. ஒரு கையைப் படகோட்டியிடம் கொடுக்க வெட்கம் வேண்டாம். என்னை முதல் தடவை இரண்டு பேர் பிடித்துத்தான் ஏற்றினார்கள். பின்னால் வரிசையில் நின்ற காலேஜ் பசங்க சிரித்தார்கள். அவர்கள் ஏறிய படகு அடுத்த அஞ்சு நிமிஷமும் ஒரே இடத்தில் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இறங்கும்போது இன்னும் கவனம். பிரஷர் மாத்திரை போடுபவர்கள் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டுச் சட்டென எழுந்தால் தலை சுற்றலாம். படகு கரை தொட்டதும் ஒரு நிமிஷம் உட்கார்ந்தே காலை ஆட்டுங்கள், அப்புறம் எழுந்திருங்கள்.

லைஃப் ஜாக்கெட்டைச் சும்மா தோளில் மாட்டிக்கொள்வது பிரயோஜனமில்லை. எல்லாப் பட்டைகளையும் பூட்டி இறுக்க வேண்டும். தளர்வாக இருந்தால் தண்ணீரில் அது மட்டும் மேலே ஏறி முகத்தை மறைக்கும், உடம்பு கீழேயே இருக்கும். பக்கிள் உடைந்த ஜாக்கெட் கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள். 'சும்மா போடுங்கம்மா, ஒண்ணும் ஆகாது' என்று சொல்வார்கள். அப்போதும் மாற்றிக் கேளுங்கள்.

துடுப்பு உங்க கையில்!

பெரும்பாலான போட் ஹவுஸ்களில் ரோ போட் எடுத்தால் படகோட்டி ஒருவர் கூடவே வருவார். 'கொஞ்ச தூரம் நான் போடட்டுமா அண்ணே?' என்று கேளுங்கள். கூட்டமில்லாத நேரமென்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இரண்டு துடுப்பையும் ஒரே அளவு இழுத்தால் படகு நேராகப் போகும். வலது கையை மட்டும் இழுத்தால், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் படகின் முன்முனை உங்கள் இடது பக்கமாகத் திரும்பும். முதலில் தலைகீழாகத் தோன்றும், நாலு தடவை சுற்றினால் கைக்குப் பிடிபட்டுவிடும். துடுப்பை ஆழமாக முக்க வேண்டாம். அகலமான பகுதி மட்டும் தண்ணீருக்குள் மறைந்தால் போதும். ஆழமாகப் போனால் பலம்தான் வீண். கையை முறுக்கி இழுக்காமல், காலைக் குறுக்குக் கட்டையில் ஊன்றி முதுகைச் சாய்த்து இழுங்கள்.

நேராகப் போக ஒரு பழைய வித்தை இருக்கிறது. புறப்பட்ட கரையில் ஒரு மரத்தைக் குறி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மரம் படகின் பின்முனைக்கு நேராகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டால், திரும்பிப் பார்க்காமலே நேர்க்கோட்டில் போகலாம். அவ்வப்போது தோளுக்கு மேலாக ஒரு பார்வை. வேறு படகு வருகிறதா என்று.

காற்றையும் கணக்கில் எடுங்கள். காலையில் ஏரி பெரும்பாலும் அமைதியாக இருக்கும், வெயில் ஏற ஏற காற்று எழும். போகும்போது எதிர்காற்றில் போங்கள். திரும்பும்போது, கை ஓய்ந்த நேரத்தில், காற்றே தள்ளிக்கொண்டு வரும். இதை மாற்றிச் செய்துவிட்டு நடு ஏரியில் முழித்தவள் சொல்கிறேன்.

முதல் நாள் பத்து நிமிஷம் போதும். இன்னும் கொஞ்சம் போடலாமே என்று தோன்றும்போதே துடுப்பைக் கொடுத்துவிடுங்கள். மறுநாள் வரத் தோன்றும்.

எங்கே போகலாம்?

என் ஓட்டு கொடைக்கானலுக்குத்தான். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி உண்டாக்கிய ஏரி அது. தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டுவந்ததும் அவர்தான் என்பார்கள். 1890-லேயே அங்கே போட் கிளப் வந்துவிட்டது. நட்சத்திர வடிவம் என்பதால் ஒவ்வொரு முனையிலும் ஒதுங்கிக்கொள்ள இடம் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களைத் தவிருங்கள். வார நாள் காலையில் போங்கள். வாகனத்தில் போவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம்.

தண்ணீர் பயம் அதிகம் உள்ளவர்களுக்குப் பிச்சாவரம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில், சுரபுன்னைக் காட்டுக்குள் குறுகிய கால்வாய்களில் துடுப்புப் படகு நுழைந்து போகும். இரண்டு பக்கமும் கை எட்டும் தூரத்தில் மரங்கள் இருப்பதால் நடுக்கடலில் விட்ட மாதிரி இருக்காது. எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' இங்கேதான் எடுத்தார்கள் என்று படகோட்டி சொல்லாமல் விடமாட்டார். சென்னைக்காரர்களுக்கு ஈ.சி.ஆரில் முட்டுக்காடு இருக்கிறது. ஆனால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன், வயதாகும்போது மனிதர்கள் புதுசு புதுசாகத் தேடுவதைக் குறைத்துக்கொண்டு, மனசுக்கு நெருக்கமான சிலவற்றையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்கிறார். ஆக, அதே ஏரிக்கு மறுபடி போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சித்தப்பா என்ன ஆனார்?

அன்றைக்கு ஏரிக்கரையில் அப்படிச் சொன்னாரே, மறுநாள் காலை ஏழரை மணிக்கு அவரே படகுத்துறைப் பக்கம் திரும்பினார். நான் கூட ஏறப் போனேன். 'நீ வேண்டாம். நீ அங்க உட்கார்ந்தா எனக்கு அழுகை வந்துடும்' என்றார். படகோட்டியோடு மட்டும் போனார். முதலில் சித்தியின் சீட்டில் அவர் உட்கார்ந்தார். கரையிலிருந்து பார்த்தேன், குனிந்த தலை நிமிரவே இல்லை. பத்து நிமிஷத்தில் திரும்பிவிட்டார். ஒன்றும் பேசவில்லை. டீ குடித்தோம்.

அடுத்த நாளும் போனார். இந்தத் தடவை துடுப்பு அவர் கையில், எதிர் சீட்டில் படகோட்டி. அந்த மனுஷன் சும்மா இல்லை. 'ஐயா, மூச்ச அடக்காதீங்க... ஐயா, எடது கை இழுக்கவே இல்ல... ஐயா, அந்தப் பக்கம் பாசி, இங்கிட்டுத் திருப்புங்க' என்று கரை வரைக்கும் கேட்கும்படி அதட்டிக்கொண்டே இருந்தார். ரிட்டயர்டு மேனேஜரை யாரும் அப்படி அதட்டி நான் பார்த்ததில்லை. படகு கோணல்மாணலாகத்தான் போனது. பாதி தூரத்தில் சித்தப்பா ஏதோ எதிர்த்துப் பேச, இரண்டு பேரும் சண்டை போடும் சத்தம் கேட்டது. இறங்கும்போது வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். 'அவனுக்குத் துடுப்பு பத்தி என்ன தெரியும், நான் நாப்பது வருஷமா போடுறேன்' என்றார்.

நான் சென்னை திரும்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து போன். 'அடுத்த தடவை வரும்போது ஒரு ஜோடி காட்டன் கிளவுஸ் வாங்கிட்டு வாம்மா. உள்ளங்கை ரெண்டும் கொப்புளிச்சுப் போச்சு. அப்படியே கமலா ஆரஞ்சு நல்லதா கிடைச்சா ஒரு கிலோ. அந்தப் படகுக்காரன் கேட்டான்.'